ஸ்கோர் என்ன? - வர்ணனை, நேரம், உடைமை: சில குறிப்புகள்

1

கிரிக்கெட் பற்றி நமக்குள் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. இடதுசாரித் தோழர்களுக்கு அது அபின். தமிழ்த்தேசிய நண்பர்களுக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சில், கபடியைத் தின்ற விளையாட்டு. பெரியாரியத் தோழர்களுக்கு அக்ரகாரத்து ஆட்டம். இந்த மூன்றையும் நான் மறுக்கப்போவதில்லை. பம்பாய் இந்து அணியின் ஒப்பற்ற பந்துவீச்சாளராக இருந்த தலித் பல்வங்கர் பாலுவுக்கு அணித்தலைமை கடைசிவரை தரப்படவில்லை என்பது வரலாறு. எஸ்.ஆனந்த் 2003இல் 'பிராமின்ஸ் அண்ட் கிரிக்கெட்' என்ற சிறு நூலில் எழுப்பிய கேள்விகளுக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆனால் இந்த மூன்று வாதங்களுமே ஆடுபவனைப் பற்றியும் ஆட்டத்தை வைத்திருப்பவனைப் பற்றியும்தான் பேசுகின்றன. கேட்பவன் அவற்றில் இல்லை. ஏமாந்தவனாக, மயங்கியவனாக ஒரு ஓரத்தில் நிற்கவைக்கப்படுகிறான். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த கிரிக்கெட் காது வழியாக வந்தது. சேப்பாக்கத்தின் உள்ளே காலடி வைக்காமலேயே அந்த ஆட்டத்தை முழுசாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர்கள் எங்கள் ஊர்களில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் வெறுமனே நுகர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டதை வைத்து ஆட்டத்தைக் கட்டினார்கள்.

வானொலி, தொலைக்காட்சி, கேபிள், கைபேசி என்று வந்த பாதையை முன்னேற்றத்தின் கதையாடலாகச் சொல்வது பொதுப்புத்தி. நான் அதை உடைமையின் கதையாக வாசிக்க விரும்புகிறேன். ஆட்டத்தின் கணம் யாருடையது? அந்தக் கணத்தைச் சொல்லும் மொழி யாருடையது? இவ்வளவுதான் கேள்வி.

2

இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனை கிளப்பின் மொழியில் பிறந்தது. 1934இல் பம்பாய் ஜிம்கானாவிலிருந்து வர்ணனை செய்த ஏ.எஃப்.எஸ்.தல்யார்கான் ஒருவரே நாள் முழுக்கப் பேசுவார். பக்கத்தில் இன்னொருவர் உட்காருவதை அவர் விரும்பவில்லை. ஆங்கிலம், ஒற்றைக் குரல், உயரமான ஒரு பெட்டி. அதிகாரத்தின் கச்சிதமான உருவகம்.

சென்னையில் வானொலி நிலையம் 1938இல் வந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் அதற்கு முன்பே, 1931இல் வந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் புறநகரின் கேட்டல் வரலாற்றை எழுத முடியாது. வானொலிப்பெட்டிக்கு அப்போது லைசென்ஸ் வேண்டும், தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். பெட்டி இருந்த வீடு கொஞ்சம் வசதியான வீடு. ட்ரான்சிஸ்டர் வந்த பிறகுதான் குரல் திண்ணைக்கும், டீக்கடைக்கும், ரயில் பெட்டிக்கும் இறங்கியது.

ரயில் பெட்டியில் நடந்ததைக் கவனியுங்கள். ஒருவர் காதில் ட்ரான்சிஸ்டர் இருக்கும். மேலே கம்பியில் பொறி தெறித்தால் கரகரவென்று இரைச்சல், நாலு பந்து போய்விடும். எதிரே இருப்பவர் கேட்பார்: "என்னாச்சு சார்?" "கவாஸ்கர் போயிட்டார்." "யார் போட்டது?" "அது கேக்கல." அந்தக் கேட்காத இடத்தைப் பெட்டியே சேர்ந்து நிரப்பும். ஹோல்டிங்காத்தான் இருக்கும், இல்லை மார்ஷல் இந்தப் பக்கத்திலிருந்துதான் போட்டுக்கொண்டிருந்தான் என்று வாதம் கிளம்பும். ஸ்டாண்டர்ட் மோட்டாரில் ஷிஃப்ட் முடிந்தவரும், ஏஜிஎஸ் ஆபீஸ் குமாஸ்தாவும், கிறித்துவக் கல்லூரி மாணவனும் ஒருவரையொருவர் பெயர் கேட்காமல், ஊர் கேட்காமல் பேசிக்கொள்ள அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது: ஸ்கோர் என்ன? பெயரையும் ஊரையும் கேட்பது நம் சமூகத்தில் எதைக் கேட்பதற்கான சுற்றுவழி என்பது உங்களுக்குத் தெரியும்.

ஃபிரான்ஸ் ஃபனான் 1959இல் அல்ஜீரியப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலில் வானொலி குறித்து ஒரு அத்தியாயம் உண்டு. பிரெஞ்சு ராணுவம் போராளிகளின் ஒலிபரப்பை இரைச்சலால் அழிக்கும். ஒருவர் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துத் துண்டுதுண்டாகக் கேட்டுச் சொல்லுவார், சுற்றி இருப்பவர்கள் விட்டுப்போனதை இட்டு நிரப்பிப் போரின் செய்தியை உருவாக்குவார்கள். விடுதலைப் போரையும் விக்கெட் விழுவதையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்டல் என்ற வினை எப்படிக் கூட்டு உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருந்தார். அடுப்படியிலிருந்து கேட்பார். சேப்பாக்கத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்தவரில்லை. "தேர்ட் மேன்ல ஆள் இல்லடா, அங்கதான் தட்டுவான் பாரு" என்பார். தட்டுவான். ஆங்கில வர்ணனையிலிருந்து களத்தின் இருபது இடங்களையும் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தார். கூடத்தில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் அவரிடம் ஒருநாளும் கருத்துக் கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காதின் ஜனநாயகத்துக்கும் வாசற்படி இருந்தது.

3

பிறகு தமிழ் வந்தது. 1980களில் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனை என்றாலே காதில் ஒலிப்பது சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல். 2020இல் மறைந்த அவர், வானொலி நாடகத்தில் பழகிய குரலோடு வந்தவர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் என்று நாம் வழக்கமாகப் பட்டியல் போடும் அந்த ஆட்டத்துக்குத் தமிழில் வாய் கொடுத்தவர் தென்கோடியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம். இதை நம் கிரிக்கெட் விமர்சனங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

தமிழ் வர்ணனையை மொழிபெயர்ப்பு என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டிராதவர்கள். ஆங்கில வாக்கியம் வினையை முன்னால் வைக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பந்து வீசப்பட்டு, மட்டையாளர் முன்னால் வந்து, இடதுபுறமாகத் திருப்பி, அங்கே ஆள் இல்லாத இடமாகப் பார்த்து என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய், ஓடிவிட்டாரா ஆட்டமிழந்தாரா என்பதை வாக்கியத்தின் வாசலில்தான் சொல்ல முடியும். பந்து ஓடும் நேரமும் வாக்கியம் ஓடும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது. கதாகாலட்சேபக்காரரும் கூத்து வாத்தியாரும் பயன்படுத்திய அதே இழுப்பு. ஒரு வெளிநாட்டு ஆட்டம் இந்த மொழியின் இலக்கணத்துக்குள் புகுந்து தன் காலத்தை மாற்றிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். அர்ஜுன் அப்பாதுரை 1996இல் வெளிவந்த தன் நூலில் இந்திய மொழி வர்ணனைகள் வழியாகத்தான் கிரிக்கெட் காலனிய நீக்கம் பெற்றது என்று வாதிட்டார். அவர் சொற்களஞ்சியத்தைப் பார்த்தார். நான் வாக்கிய அமைப்பையும் பார்க்கச் சொல்கிறேன்.

சொற்களிலும் ஒற்றைத் தமிழ் உருவாகவில்லை. இங்கே மட்டையாளர், பந்துவீச்சு, ஓட்டம். இலங்கைத் தமிழில் துடுப்பாட்டம், இலக்கு, அணித்தலைவர். மட்டையைத் துடுப்பாகப் பார்த்த மொழி கடலோரத்து மொழிதானே! தெருவில் இரண்டும் இல்லாமல் மூன்றாவது ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓர் ஒப்பீடு இங்கே உதவும். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் 1921இல் பிட்ஸ்பர்கில் முதன்முதலாக வானொலிக்கு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர்ஸ் அணி 1958இல் அந்நகருக்குக் குடிபெயர்ந்தபோது, ரசிகர்கள் மைதானத்துக்கே ட்ரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வின் ஸ்கல்லியின் வர்ணனையைக் கேட்டபடி எதிரே நடப்பதைப் பார்த்தார்கள். சேப்பாக்கத்திலும் இதே காட்சி உண்டு. கண்ணால் பார்ப்பதைக் காது உறுதிசெய்தால்தான் நம்பிக்கை. அடுத்த ஆண்டு, 1959இல், ஈக்வடாரிலிருந்து குடியேறிய ஹைமே ஹாரின் அதே அணிக்கு ஸ்பானிய மொழி வர்ணனையாளராகச் சேர்ந்தார். ஆரம்ப ஆண்டுகளில் வெளியூர் ஆட்டங்களுக்கு அவரை அனுப்பவில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆங்கில வர்ணனையைக் கேட்டு ஸ்பானிய மொழியில் ஆட்டத்தைத் திரும்பப் படைத்தார். 2022வரை பேசினார். அந்த அணியின் மைதானம் எழுந்த சாவேஸ் ரவீன் பகுதியில் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்திருந்தன. கடைசியாக மிஞ்சியவர்களை 1959இல்தான் போலீஸ் வந்து இழுத்து வெளியேற்றியது. வீட்டை இழந்த மக்களின் மொழி அதே ஆண்டில் வானொலி வழியாக ஆட்டத்துக்குள் நுழைகிறது. இதை இழப்பீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மைதானம் ஒருவனிடமும் மொழி இன்னொருவனிடமும் இருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

4

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தாலும், எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஆன்டெனாக்கள் முளைத்தது 1982இன் வண்ணத்துக்கும் 1983இன் உலகக்கோப்பைக்கும் பிறகுதான். அந்த உலகக்கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அடித்த 175 ஓட்டங்களுக்கு ஒளிப்பதிவே கிடையாது. ஸ்கோர் புத்தகமும் பேச்சும்தான் மிச்சம். பார்த்தவர்களைவிடச் சொன்னவர்கள் அதிகம். காட்சி இல்லாததாலேயே அது எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிறது.

தொலைக்காட்சி கேட்பவனைப் பார்ப்பவனாக்கியது. வர்ணனையாளருக்கு வேலை போய்விட்டது. படம்தான் இருக்கிறதே, எதைச் சொல்வது? அந்த இடத்துக்கு முன்னாள் வீரர் வந்தார். அவர் நடப்பதைச் சொல்லவில்லை, நடந்ததற்குத் தீர்ப்புச் சொன்னார். நம் ஆட்கள் இதற்கு ஒரு எதிர்ச்செயலைக் கண்டுபிடித்தார்கள். டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, பக்கத்தில் வானொலியை வைத்தார்கள். படம் தில்லியிலிருந்து, சொல் தமிழில். இரண்டு அரசு நிறுவனங்களை வெட்டி ஒட்டித் தன் பிரதியைத் தானே செய்துகொண்ட அந்த மனிதனைப் பற்றித்தான் நாம் பக்கம் பக்கமாகக் கோட்பாடு எழுதியிருக்க வேண்டும்.

இதற்கிடையில் உடைமை கை மாறிக்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கம்வரை ஆட்டத்தை ஒளிபரப்பக் கிரிக்கெட் வாரியம்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1993 ஹீரோ கோப்பையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வான் அலைகள் பொதுச் சொத்து என்றது. அரசின் ஏகபோகத்தை மறுத்தது. தனியாரின் ஏகபோகமும் அதே அளவுக்கு ஆபத்து என்று எச்சரித்தது. முதல் பாதியை எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாம் பாதியை யாரும் படிக்கவில்லை.

அலை பொது, ஆனால் அலையில் போகும் ஆட்டம் தனியார். இந்தப் பிளவில்தான் அடுத்த முப்பது ஆண்டுகள் ஓடின. 2003 செப்டம்பரில் கட்டணச் சேனலுக்குப் பெட்டி வாங்கியே தீரவேண்டும் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தபோது, மாநகரத்துக் கேபிள் வீடுகளின் திரையிலிருந்து ஆட்டம் ஒரே இரவில் மறைந்தது. 2007இல் தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றம், பகிரப்பட்ட அந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், கேபிள் வழியாகக் காட்டக்கூடாது என்றது. கேபிள் வைத்திருக்கும் வீட்டுக்குப் பொது ஆட்டம் பொதுவாக வராது என்று பொருள்.

2017 மே மாதம் தமிழுக்கென்றே தனி விளையாட்டு அலைவரிசை வந்தது. 2023 ஐபிஎல்லில் கைபேசியில் போஜ்புரி உட்படப் பன்னிரண்டு மொழிகள். 2023 முதல் 2027 வரைக்குமான ஐபிஎல் ஊடக உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிருக்கிறது. அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க மொழிகள் வேண்டும். தமிழ் வந்துவிட்டதே, வெற்றிதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, கலகலப்பாகத்தான் பேசுகிறார்கள். சினிமா வசனம், கலாய்ப்பு, ஊர்ப்பாசம் எல்லாம் இருக்கிறது. ஆனால் கேட்பவன் நிரப்ப வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. ஜப்பாரின் தமிழுக்குக் கேட்பவன் தேவைப்பட்டான். இந்தத் தமிழுக்குச் சந்தாதாரர் போதும்.

5

மொழியைவிட எனக்கு அதிர்ச்சி தருவது நேரம். மத்திய அலை வானொலி வேலைசெய்த விதத்தை எண்ணிப் பாருங்கள். சேப்பாக்கத்திலிருந்து கடற்கரைச் சாலை நிலையத்துக்கு, அங்கிருந்து ஒலிபரப்பிக்கு, அங்கிருந்து தாம்பரத்துக்கு. எப்படிச் சுற்றினாலும் நூறு கிலோமீட்டருக்குள். ரேடியோ அலை ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. வர்ணனையாளர் வாயைத் திறந்த பிறகு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சேலையூர் டீக்கடைக்காரர் அதைக் கேட்டுவிடுவார். மைதானத்தில் மட்டையில் பட்ட ஓசை எண்பது மீட்டர் தள்ளி இருக்கும் வரிசையை எட்டவே கால் விநாடி ஆகும்!

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் கடைசி நாள், ஜெயிக்க 348. சாஸ்திரி ஒரு ஓட்டம் எடுத்துச் சமமாக்கிவிட்டார். மணிந்தர் எதிரே மாத்யூஸ். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. 347. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாகச் சமன். அந்தக் கணத்தில் எங்கள் கடைத்தெரு முழுக்க ஒரே நேரத்தில் வாய்பிளந்து நின்றதை நான் பார்த்தேன். சைக்கிள் கடை, மளிகைக் கடை, சலூன், எல்லாப் பெட்டியும் ஒரே குரல். பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதியபோது தேசம் என்பது ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்கிறோம் என்ற கற்பனையில் நிற்கிறது என்றார். அவர் காலைச் செய்தித்தாளைச் சொன்னார். எங்களுக்கு அந்த ஒரே நேரம் கற்பனை அல்ல, காதில் விழுந்தது. அந்த ஒருமைக்குள் தேசியத்தின் வெறியும் இருந்தது என்பதை மறக்கவில்லை. அதே சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றபோது மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியதையும் மறக்கவில்லை.

இப்போது அதே தெருவில் ஐபிஎல் இரவு எப்படி இருக்கிறது? டிஷ் வைத்திருக்கும் வீட்டில் முதலில் கத்துவார்கள். சில விநாடி கழித்துக் கேபிள் வீடு. அதற்கும் பின்னால் கைபேசி வைத்திருக்கும் வாட்ச்மேன். படம் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, சேமித்து, சேர்த்து வருவதால் கைபேசி பல விநாடிகள் பின்தங்குகிறது. மாடி வீட்டின் கூச்சல் கேட்டாலே கீழே நிற்பவருக்குத் தெரிந்துவிடும், அடுத்த பந்தில் ஏதோ நடக்கப்போகிறது என்று. தன் கையிலிருக்கும் ஆட்டம் ஏற்கனவே முடிந்துபோன ஆட்டம். ஒரு தெருவுக்குள் நாலைந்து நிகழ்காலம். சூதாட்டச் செயலிகளுக்கு அந்தச் சில விநாடிகளே சரக்கு. டிவியை அடைத்து வானொலியைக் கேட்ட மனிதரின் வெட்டி ஒட்டும் கலையும் இத்தோடு செத்தது. சொல் முதலில் வந்துவிடுகிறது, படம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவருகிறது.

சாதியும் வர்க்கமும் இடத்தைப் பிரித்தது நமக்குத் தெரியும். ஊர், சேரி, குடியிருப்பு, காலனி. கணத்தையும் பிரிக்க முடியும் என்று இப்போதுதான் பார்க்கிறோம். ஸ்கோர் என்ன என்று ரயிலில் இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லோர் கையிலும் ஸ்கோர் இருக்கிறது. கேள்வி போனதோடு கேள்வி ஏற்படுத்திய உறவும் போய்விட்டது.

6

பழைய வானொலிக்கு அழுவதற்காக இதை எழுதவில்லை. அது அரசின் குரல். எதைச் சொல்லலாம், எந்த மொழியில் எவ்வளவு நேரம் சொல்லலாம் என்று தில்லி முடிவுசெய்தது. பெர்டோல்ட் ப்ரெக்ட் 1932லேயே இதைச் சொல்லிவிட்டார்: வானொலி கேட்கவைக்கும் கருவியாக மட்டும் இருக்கிறது, கேட்பவனைப் பேசவைக்கும் கருவியாக அது மாற வேண்டும் என்று.

கேட்பவன் பேசுவதை நான் எங்கே கேட்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் மைக்கில். முடிச்சூர், வேங்கைவாசல், மாடம்பாக்கம், அனகாபுத்தூர் பக்கம் ஏதாவது காலி மனையில் டென்னிஸ் பந்து ஆட்டம் நடக்கும். வாடகை மைக் செட், கூம்பு ஸ்பீக்கர். காலையில் பெயின்ட் அடிக்கப் போகிற, மீன்பாடி வண்டி ஓட்டுகிற ஒரு பையன் மைக்கைப் பிடித்திருப்பான். அவன் வாயில் வரும் தமிழ் வானொலியிலும் இல்லை, அலைவரிசையிலும் இல்லை. பந்தை எறிந்தால் 'மாங்கா'. ஒருவனே மட்டையை விடாமல் வைத்திருந்தால் 'காஜி'. இரண்டு பக்கமும் ஆடுபவன் 'ஜோக்கர்'. நான் முன்பு சொன்ன மூன்றாவது தமிழ் இதுதான். "நம்ம ராஜா கீழ்க்கட்டளை பக்கம் தூக்கிட்டான், பந்து அம்மன் கோயிலத் தாண்டிப்போயி, பந்தத் தேடுங்கப்பா, வேற பந்து கெடையாது..." ஜப்பாரின் எச்சங்கள் இங்கே உயிரோடு இருக்கின்றன. சிலர் கைபேசியை மூங்கிலில் கட்டி யூடியூபில் நேரலையும் போடுகிறார்கள். சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் இந்த டென்னிஸ் பந்து உலகத்திலிருந்து 2020இல் இந்திய அணிக்குப் போனவர்தான்.

இதையும் புனிதப்படுத்த வேண்டாம். எந்த அணிக்கு எந்த மைதானம் என்பதில் ஊரும் சேரியும் இருக்கிறது. சாதிச் சங்கக் கொடியோடு நடக்கும் கோப்பைகள் உண்டு. மைக்கைப் பெண் பிடித்து நான் இன்னும் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து களத்தை வரைந்த அந்த அத்தைக்கு இங்கேயும் இடமில்லை. மைதானமே போய்க்கொண்டிருக்கிறது என்பது பெரிய விஷயம். ஏரிப் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் மனைகளாகிவிட்ட புறநகரில் அடுத்த வருஷம் ஆட எங்கே போவார்கள்?

ஆனால் ஒரு சட்டச் சந்து திறந்திருக்கிறது. தனியார் பண்பலைகளுக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கை, விளையாட்டின் நேரடி ஒலிபரப்பை விலக்கிவிட்டு, உள்ளூர்த் தன்மையுள்ள ஆட்டங்களின் நேரடி வர்ணனையை அனுமதிக்கலாம் என்கிறது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி 2004இல் நம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. 48,390 கோடிக்கு விற்கப்பட்ட ஆட்டத்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். முடிச்சூர் ஆட்டத்துக்கு உரிமை கேட்டு யாரும் வரப்போவதில்லை. அதை அலையில் ஏற்றுவதற்குத் தடையாக இருப்பது நம் அலட்சியம்தான்.

சமூக வானொலிகளில் வேலைசெய்யும் தோழர்கள் சுகாதாரக் குறிப்புக்கும் வேளாண்மைக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். தமிழ் வர்ணனையின் பழைய ஒலிநாடாக்களில் எது மிஞ்சியிருக்கிறது என்று வானொலி நிலையத்தைக் கேட்கலாம். மாங்கா, காஜி, ஜோக்கர் என்று தெருவில் புழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். தாம்பரம் 2021இல் மாநகராட்சியாகிவிட்டது. வார்டுக்கு ஒரு பொது மைதானம், எந்தச் சாதிக்கும் பட்டா இல்லாத மைதானம் என்று அதன் முன்னால் போய் நிற்கலாம். இதில் எதற்கும் கிரிக்கெட் பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அடுத்த ஞாயிறு அந்த மைக்கை எந்தப் பெண்ணிடம் கொடுப்பது என்று டோர்னமென்ட் நடத்தும் பையன்களிடம் பேச ஆரம்பித்திருக்கிறோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன், "ஸ்கோர் கரெக்டா சொல்வாங்களா?" என்று கேட்டான். கேள்வி அந்த இடத்தில் நிற்கிறது.